மைக்கில் சொன்ன சீர்

நாத்தனார் மகள் வயதுக்கு வந்தபோது எங்களுக்கு இரண்டு கடன் இருந்தது. ஒன்று மகளிர் குழுவில். இன்னொன்று, விறகைக் கரியாக்கும் மூட்டத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் காலைச் சுட்டுக்கொண்டு கிடந்தபோது வட்டிக்கு வாங்கியது. நான் இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் போர்வை துவைக்கிறேன். அந்தச் சம்பளத்தில் வட்டியைக் கட்டினோமே தவிர, முதல் அப்படியே நின்றது.

எங்கள் பக்கம் சடங்கு என்றால் தாய்மாமன் சீர்தான் பேச்சு. தங்கக்காசு, கொலுசு, ஆட்டுக்கிடா, மேளத்தோடு தட்டு வரிசை. என் வீட்டுக்காரர் மறுபடி வட்டிக்காரரிடம் போகச் சட்டையை மாட்டிவிட்டார். நான்தான் நிறுத்தினேன்.

முந்தின வாரம் குழுக் கூட்டத்துக்கு பேங்கிலிருந்து ஒரு பெண் வந்து பேசியிருந்தாள். "வட்டி கூடுன கடன மொதல்ல அடைங்கக்கா. வட்டிக்கு வாங்கிச் செய்முறை செய்யாதீங்க. கையில இருக்கிறதுக்குள்ள செய்ங்க." எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. சீருக்கென்று நான் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்திருந்த பணத்தையும் வட்டிக்கடனில் கட்டினோம்.

சடங்கன்று ஒரு பட்டுச்சேலை, ஐந்து தட்டுப் பழம். மேளம் இல்லை. தெருமுனையிலிருந்து நாங்கள் நடந்து வந்தபோது பந்தலில் இருந்தவர்கள் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள், இன்னும் ஆட்கள் வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை. மைக்கில் ஒருவர் சீரை வாசித்தார். "தாய்மாமன் சீர், சேலை ஒன்று..." என்று சொல்லிவிட்டு, அடுத்தது எது என்று எங்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சாப்பிடாமல் கிளம்பினோம். நாத்தனார் போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

அந்த அவமானத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். செய்தது சரி என்ற தெம்பு இருந்தது. கடன் பாதிக்குமேல் இறங்கியபோது உள்ளுக்குள் பெருமையும் இருந்தது.

சில மாதம் கழித்து இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையோடு நின்றாள். காதில் கம்மல் இல்லை, இரண்டு வேப்பங்குச்சி. என்னைக் கண்டதும் சடையை முன்னால் இழுத்துக் காதை மறைத்துக்கொண்டு, "அத்தை, நல்லாருக்கீகளா?" என்றாள். என் பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். அவர் கஞ்சியை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவள் தண்ணீர் கொடுத்தாள், எதிரில் உட்காரவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். கடன், வட்டி, பேங்குப் பெண் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை.

"மதினி, நீங்க செய்யாதது எனக்கு வருத்தமில்ல. செய்ய மாட்டோம்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அம்புட்டுப் பெரிய பந்தல் போட்டுருப்பேனா? அண்ணன் சீர் வரும், அத வச்சுப் பந்தக்காரருக்கும் சமையக்காரருக்கும் குடுத்துரலாம்னு இருந்தேன். சடங்கு முடிஞ்ச மக்கியா நாளே ரெண்டு பேரும் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. எம்மக கம்மலத்தான் கழட்டி அடகு வச்சுக் குடுத்தேன்."

"சொல்ல வெக்கமா இருந்துச்சு தாயி," என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு மட்டும் இல்லையாண்ணே? இப்ப எம்மக அதச் சுமந்துக்கிட்டு பள்ளிக்கூடம் போறா."

கம்மலை மீட்க நாங்களும் பாதி கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். அவள் முதலில் வேண்டாம் என்றாள், பிறகு சரி என்றாள். எங்கள் வட்டிக்கடன் அதனால் இன்னும் கொஞ்சம் நீண்டது. கம்மல் திரும்பி வந்துவிட்டது. நாத்தனாரும் போனில் பேசுகிறாள், மழை பெய்ததா, மிளகாய் என்ன விலை என்று.

அந்தப் பிள்ளை லீவுக்கு வரும்போது என் பக்கத்தில்தான் படுத்துக்கொள்கிறாள். எனக்கு ஏதாவது வாங்கித் தரத் தோன்றி, "என்ன வேணும்?" என்று கேட்டால், "ஒண்ணும் வேணாம் அத்தை" என்று உடனே சொல்லிவிடுகிறாள். அந்த வயதுப் பிள்ளை அப்படிச் சொல்லிப் பழகியிருப்பதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.