துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பிய வெள்ளிக்கிழமை

அன்று என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

சகோதர சகோதரிகளே, எனக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். ஒன்பது வருடம் வெளிநாட்டில் தண்ணீர் லாரி ஓட்டினேன். எல்லைக்கு அந்தப்பக்கம் சண்டை. அங்கிருந்து தப்பி வந்தவர்களின் முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோவதுதான் வேலை. கூட வந்தவர் கண்டமங்கலத்துச் செல்வம். நம் ராணுவத்தில் இருந்தவர்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஆயுதம் ஏந்தியவர்களின் ஜீப் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. திடீரென்று குன்றுக்குப் பின்னாலிருந்து ஒரு போர் ஹெலிகாப்டர் எழும்பியது. ஒரே ராக்கெட். ஜீப் எரிந்தது. ஹெலிகாப்டர் மறுபடி குன்றுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது.

"வண்டிய நிறுத்துங்க பாய்!" என்று செல்வம் கத்தினார். "போகலை அவன். அடிச்சிட்டுப் பதுங்கிக்கினு வேற பக்கமா வருவான். நம்மளது அந்த ஜீப்காரங்க பெட்ரோல் லாரின்னு நெனைச்சான்னா முடிஞ்சிது."

"ஓடிடலாமா?"

"ஓடாதீங்க. தூரத்திலேர்ந்து கேமராவுல பாத்துக்கினு இருப்பான். ஓடுறவன் அவனுக்கு எதிரிதான். கைய விரிச்சிக்கினு வெட்டவெளியில நில்லுங்க."

நின்றோம். அவர் சொன்னபடியே ஹெலிகாப்டர் வேறு பக்கமாக, எங்களுக்கு இடப்புறம் எழும்பியது. அதன் மூக்குக்குக் கீழிருந்த துப்பாக்கி மெல்லத் திரும்பி எங்கள் நேரே நின்றது. மனப்பாடமாகத் தெரிந்த அரபு துஆ ஒன்றுகூட வாயில் வரவில்லை. தமிழிலேயே கேட்டேன்.

"யா அல்லாஹ், அந்த ஆளு கண்ணுக்கு எங்கள உள்ளபடியே காட்டு."

கேட்டு முடிப்பதற்குள் மனதில் பட்டது: குழாயைத் திற. ஓடவில்லை. நடந்தே போய் லாரியின் பின்குழாயை முழுதாகத் திறந்தேன். தண்ணீர் மணலில் கொட்டியது. இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவினேன். குடித்தேன். செல்வமும் வந்து குடித்தார்.

துப்பாக்கி அசையவில்லை. பிறகு மெல்ல விலகியது. ஹெலிகாப்டர் திரும்பிப் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ்!

செல்வம் அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்து அழுதார். "பட்டாளத்துல இருந்த எனக்கே தோணலை பாய். உங்களுக்கு யார் சொன்னது?"

"கேட்டேன், குடுத்தான்" என்றேன்.

இப்போது திண்டிவனத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். முன்பெல்லாம் வேலை அவசரத்தில் கடமைக்குத் தொழுவேன். இன்று ஐந்து வேளையும் அவன் முன்னால் நிதானமாக நிற்கிறேன். பயம் போய்விட்டது. கஷ்டத்தில் இருப்பவர்களே, நீங்களும் கேளுங்கள். நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். நம் ஊர்ப் பேச்சும் அவனுக்குப் புரியும்.