கல்லைத் தின்றாலும் செரிக்கிறவள்

காலணித் தொழிற்சாலைக் கேன்டீனில் சமைக்கிற அக்காவுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பார்கள். அவளும் மறுத்ததில்லை. வீட்டில் வாந்தி பேதி வந்து கணவன் வாளியும் கையுமாகக் கிடக்கும்போது, அவன் தொடாமல் விட்ட சோற்றையும் இவளே வழித்துச் சாப்பிடுவாள்.

அந்தப் பெருமையே ஒருநாள் வினையாயிற்று. செவ்வாய் மதியம் கேன்டீனில் சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் மறுநாள் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றார்கள். சமைத்தவள் மட்டும் குத்துக்கல்லாட்டம் நின்றாள்.

சுகாதார அலுவலகத்து டாக்டரம்மா விசாரிக்க வந்ததும் மேலாளர் முந்திக்கொண்டார். "இவ சமைச்சதை இவளே சாப்பிடல டாக்டர்! சாப்பிட்டிருந்தா இப்படி நிப்பாளா?"

"மூணு தட்டு சாப்பிட்டேன் சார்!" என்று கத்தினாள் அக்கா. "நீங்களும்தான் நல்லா நிக்கறீங்க. உங்களை யாரு கேட்டா?"

"எனக்குத்தான் ஞாயித்துக்கிழமையே வந்து போயிடுச்சே!"

டாக்டரம்மா நிமிர்ந்தார். "ஞாயித்துக்கிழமையா? செவ்வாய்க்கிழமை சமையலறைக்குள்ள போனீங்களா?"

"சும்மா... வெட்டி வச்ச வெள்ளரிக்கா எப்படி இருக்குன்னு..."

"கையாலயா எடுத்தீங்க?"

மேலாளர் தன் கையைப் பார்த்தார், பிறகு அதைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

பரிசோதனையில் நோயாளிகளிடம் இருந்த அதே வைரஸ் மேலாளரிடமும் இருந்தது. அக்காவிடம் இல்லை. சந்தேகம் தீர, சம்மதம் கேட்டு அவள் எச்சிலையும் எடுத்துப்போன டாக்டரம்மா, ஒரு வாரம் கழித்து முகம் நிறையச் சிரிப்போடு வந்தார்.

"இந்தக் கிருமி குடல்ல ஒரு பொருளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள நுழையும். அதைச் செய்யுற மரபணு உங்களுக்குப் பழுது. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டுமே பழுதா வந்திருக்கு. அதனால கிருமிக்குப் பிடிமானமே இல்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "எங்க அப்பா அம்மாவைப் பழுதுன்னா சொல்றீங்க?"

"அந்தப் பழுதுதான் உங்களைக் காப்பாத்துச்சும்மா! ஆனா இந்த வகைக்கு மட்டும்தான். மத்த கிருமிக்கெல்லாம் நீங்களும் எல்லாரையும் போலத்தான்."

பின்பாதி அவள் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து கணவனிடம் நீட்டி முழக்கினாள். அவள் கொண்டுவந்த கேன்டீன் மிச்சத்தைச் சாப்பிட்டுப் படுத்து, இன்னும் கஞ்சியைத் தாண்டாத அவன், "உங்கப்பன் சொத்துல எனக்கும் கொஞ்சம் எழுதி வச்சிருக்கக் கூடாதா?" என்று முனகினான்.

மழைக்காலம் வந்தது. தும்மிக்கொண்டிருந்த தையல்காரிகளுக்கு நடுவே மூக்கை மூடாமல் வளைய வந்தாள். மூன்றாம் நாள் ஃப்ளூ அவளை அடித்துப் போட்டது. ஒரு கட்டிலில் ஒன்றாகப் படுத்த கணவனுக்கு இரண்டு தும்மலோடு சரி. அவன் சமையலறையில் பாத்திரங்களை உருட்டி, உப்பே போடாத ஒரு சூப்பைக் கொண்டுவந்து நீட்டினான்.

ஒரு கரண்டி குடித்துப் பார்த்தாள். "இதுக்குக் காய்ச்சலே தேவலை," என்றாள். ஆனாலும் கிண்ணம் காலியாகும் வரை குடித்தாள்.