படுக்க வைத்துப் பார்ப்பவர்

முதலில் தரையைப் பார்க்கிறார். எங்காவது எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று செருப்பை ஒருமுறை தேய்த்துப் பார்க்கிறார். பிறகு தோள்பையைத் திறந்து இரண்டு ஃபோம் துண்டுகளை வெளியே எடுக்கிறார். தலையணையைவிடச் சற்றுப் பெரியவை; உயர்ந்த ரகம். மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்தில், கைப்பிடிக்கு நேராக ஒன்றும் கால்மிதிக்கு நேராக ஒன்றுமாக அவற்றைப் போட்டுவிட்டு, மருமகன் வீட்டில் தண்ணீர் கேட்கும் மாமனாரின் பணிவோடு ஷோரூம் விற்பனையாளரைக் கேட்கிறார்:

"சார், இதைக் கொஞ்சம் படுக்க வைக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு விற்பனையாளர்கள் பலவிதமாக எதிர்வினை ஆற்றியிருக்கிறார்கள். சிலர் மேனேஜரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் வண்டிக்கும் இவருக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். இப்போது எல்லா ஷோரூம்களிலும் இவருக்குப் 'படுக்கை சார்' என்று பெயர். வாசலில் தலை தெரிந்தாலே வண்டிகளைச் சங்கிலி போட்டுப் பிணைத்துவிடுகிறார்கள் என்று கேள்வி.

தொழில், மெத்தைக்கடையில் விற்பனை. தலை நரைக்கத் தொடங்குமுன்பே சேர்ந்தவர். இப்போது நரைக்க மிச்சமில்லை. வாடிக்கையாளரைப் படுக்க வைக்காமல் ஒரு மெத்தையும் விற்றதில்லை. "தடவிப் பார்த்து வாங்க இது என்ன துணியா? படுங்க சார். செருப்போடயே படுங்க, உறை போட்டிருக்கு." கூச்சப்படுகிறவர்களுக்குத் தானே படுத்துக் காட்டுவார். முஷ்டியால் மெத்தையை ஓர் அழுத்து அழுத்திக் கையை எடுப்பார். பள்ளம் மெல்ல எழும்பி மேலே வரும்வரை, அடுப்பில் பாலை வைத்தவர்போல் கண்ணெடுக்காமல் பார்ப்பார். இரட்டை மெத்தை கேட்டுத் தனியாக வருகிறவர்களை மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார். "வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேர் படுக்கிறதை ஒருத்தர் பார்த்து வாங்கக் கூடாது. வாங்கினா, மெத்தை இங்க திரும்பி வரும், இல்லேன்னா நீங்க ஹாலுக்குப் போவீங்க."

இப்படி ஊரையே மெத்தையில் கிடத்தியவருக்கு வாழ்க்கையில் உள்ள ஒரே ஆசை, கட்டாந்தரையில் படுப்பது. மோட்டார் சைக்கிளில் ஒரு கூடாரம், ஓர் அடுப்பு, தண்ணீர்க் குடுவை. ஆற்றங்கரை, மலையடி என்று பிடித்த இடத்தில் இறங்கி, பிடிக்காமல் போகும்வரை தங்கி, அடுத்த இடம். ஒரு வாரம், பத்து நாள் கதையெல்லாம் இல்லை. ஆறு மாத விடுப்புக்கு முதலாளி சம்மதித்தாயிற்று. இவர் வண்டி வாங்கப்போவதில்லை என்ற அசைக்கமுடியாத நம்பிக்கையில் கொடுத்த சம்மதம் அது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. வண்டி தேர்ந்தெடுப்பதில் மற்றவர்கள் மைலேஜ் பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள். நம்மவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்.

"காட்டுப் பாதை. ஜல்லி. வண்டி சாஞ்சுடுது. சுத்தி ஈ காக்கா இல்லை. என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு விற்பனையாளரை மடக்கினார்.

"போன் பண்ணுவேன் சார்."

"டவர் இல்லை."

"அப்புறம் அங்க எதுக்கு சார் போறீங்க?"

இவர் ஃபோமை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினார். ஓட்டிப் பார்த்து வாங்குகிறவர்களைப் பற்றி இவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "ஓடுறப்போ எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். விழுந்தப்புறம்தான் அதோட குணம் தெரியும். தனியா தூக்க முடிஞ்சா வாங்கு, இல்லேன்னா விடு."

கொள்கை உயர்ந்தது, முதுகுதான் ஒத்துழைக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் மெத்தை ஒன்றை மாடிக்கு ஏற்றியபோது முதுகில் எதுவோ 'டக்' என்றது. அதிலிருந்து அது இவரோடு பேச்சுவார்த்தையில் இல்லை. முதலில் பார்த்தவை எருமை போன்ற வண்டிகள். அடுத்த வருஷம் குதிரைக்கு வந்தார். அதற்கும் அடுத்த வருஷம், ஆட்டுக்குட்டி ரகம். ஆட்டுக்குட்டியை ஒரு கையால் தூக்கிவிட்டார். ஆனால் கூடாரம், அடுப்பு, தண்ணீர், இவர் எல்லாம் ஏறினால் அது நகராது. சுமக்கிற வண்டியை இவரால் தூக்க முடியவில்லை. இவர் தூக்குகிற வண்டியால் இவரைச் சுமக்க முடியவில்லை. சுமையைக் குறைக்கத் துண்டைப் பாதியாகக் கிழித்தார், கரண்டியின் காம்பை அறுத்தார். தொப்பையைக் குறைக்கலாமே என்றதற்கு, "அது பேலன்ஸுக்கு" என்றார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, நீங்க வண்டி வாங்கறதுக்குள்ள உலகத்துல பெட்ரோல் தீர்ந்துடும்பா."

சனிக்கிழமைதோறும் பால்கனியில் கூடாரத்தை விரித்துப் பயிற்சி எடுக்கிறார். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிர் வீட்டிலிருந்து பார்க்கிற எனக்கே கொசு கடிப்பதுபோல் இருக்கும். வீட்டுக்கு உள்ளே, கடையிலேயே சிறந்த மெத்தையின் நட்ட நடுவில் அவர் மனைவி தனியாகத் தூங்குவார். ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். காலையில் கூடாரத்தின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, காபித் தம்ளரை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு டியூட்டிக்குக் கிளம்புவார். கூடாரத்தின் உறையில் 'இருவருக்கானது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது மெத்தைக்காரர் விளக்கினார்: "கம்பெனிக்காரன் கணக்கு சார் அது. ரெண்டு பேர்னா ஒரு ஆளும் அவன் பெட்டியும்னு அர்த்தம்."

"நர்ஸம்மா வரலையா?"

"அவ வார்டுல நின்னு நின்னு கால் வீங்கி வர்றா. அவளைக் கூட்டிட்டுப் போய் கல்லு மேல படுக்க வைக்கிறதா? எனக்கு மனசாட்சி இல்லையா?"

"கேட்டுப் பார்த்தீங்களா?"

குரலைத் தாழ்த்தினார். "கேட்டா எனக்காகச் சரின்னுடுவா சார். அதான் கேட்கலை."

போன ஞாயிற்றுக்கிழமை, கடைசி முயற்சியாக, பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் அம்மாளிடம் போனோம். ஃபோம் பிடிக்க நான். தையல்காரரிடம் சீருடை வாங்க வேண்டியிருந்ததால், போகிற வழியில் நர்ஸம்மாவும். வந்தவர் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படுக்க வைக்கலாமா என்ற கேள்விக்குக் கடைக்கார அம்மாள் சாவிக்கொத்தைச் சுழற்றியபடியே சொன்னார்: "தாராளமா. ஏற்கெனவே நாலு தடவை விழுந்த வண்டிதான். அதுக்குப் பழக்கம்."

எருமைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் ஒரு வண்டி. பக்கவாட்டில் பெட்டி மாட்டக் கம்பிகள், டாங்கில் யாரோ ஊர் ஊராகப் போய் வாங்கிய கீறல்கள். மெத்தைக்காரர் அதைச் சுற்றி வந்தார். முகம் மாறியது. தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல ஃபோம்களின் மேல் அதைக் கிடத்தினார். எச்சில் துப்பாத குறையாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டு, குனிந்து, தூக்கினார்.

வண்டி அசையவில்லை. மறுபடி. முழங்கால் உயரம் வந்து, யோசித்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்றாவது முறை இவரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மடிங்க சார் ஃபோமை," என்றார் என்னிடம். "இதுக்குக் கீழே போனா என்னைச் சுமக்காது, அப்புறம் சைக்கிள்தான் இருக்கு. திங்கட்கிழமை முதலாளிகிட்ட லீவு வேண்டாம்னு சொல்லிடறேன். அவர் சந்தோஷப்படுவார்."

நான் மடிக்கக் குனிந்தபோது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நர்ஸம்மா கைப்பையை நாற்காலியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். சுடிதாரின் கைகளை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார்.

"குனிஞ்சு தூக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வண்டிக்கு முதுகைக் காட்டி உட்காருங்க. ஹேண்டிலைப் பிடிங்க. இடுப்புல எழுந்திருக்காதீங்க, கால்ல எழுந்திருங்க. நான் பின்கம்பியைப் பிடிக்கிறேன். மூணு சொன்னதும்." பிறகு பெட்ரோல் டாங்கை இரண்டு தட்டுத் தட்டி, "ஒண்ணும் பயமில்லை, மெதுவா எழுந்துக்கலாம்" என்றார். அதை அவரிடம் சொன்னாரா, வண்டியிடம் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

மூன்று சொன்னதும் வண்டி எழுந்து நின்றது. ஸ்டாண்டைத் தட்டிவிட்டதும் நர்ஸம்மாதான்.

"எத்தனை ஆம்பளைங்க பார்த்துட்டுப் போனாங்க, ஒருத்தருக்கும் இது வரலை," என்றார் கடைக்கார அம்மாள்.

மெத்தைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் சரிதான். காட்டுல நான் தனியா இருக்கும்போது விழுந்தா?"

"ரெண்டு பேர் படுக்கிறதை ஒருத்தர் பார்த்து வாங்கக் கூடாதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றீங்களே," என்றார் நர்ஸம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே. "வீட்ல ஒரு தடவை வாயைத் திறந்தீங்களா?"

"உன் கால்..."

"கால் என்னுது. அது வலிக்குதா வலிக்கலையான்னு நான் சொல்றேன். நீங்க கேளுங்க."

மெத்தைக்காரர் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ வண்டிகளைக் கிடத்தியும் நிமிர்த்தியும் பார்த்தவர், முதல்முறையாக ஒரு வண்டியின் பின் இருக்கைப் பக்கம் போனார். முஷ்டியால் ஓர் அழுத்து அழுத்தினார். கையை எடுத்துவிட்டு, கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"கல்லு," என்றார்.

பிறகு கீழே குனிந்து, இல்லை, முதுகை நேராக வைத்துக் காலை மடக்கி உட்கார்ந்து, தரையில் கிடந்த ஃபோம்களில் ஒன்றை எடுத்தார். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். பின் இருக்கையின் மேல் அதை வைத்து, நான்கு ஓரமும் சரியாக உட்காரும்வரை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.