பச்சை டவுசர்காரன் எழுந்தானா

போன வெள்ளிக்கிழமை சாரம் பக்கமிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தேன். ஏதோ ஊர்வலமாம். சிக்னலுக்கு முன்னாலேயே சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் ரோட்டின் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்காக வைத்தார். இந்த வழி கிடையாது, திரும்பிப் போங்கள் என்று அர்த்தம். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்கள். நான் மட்டும் திருப்பவில்லை. பிரேக்கைப் பிடித்தபடி, அவர் காலடியில் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "யக்கா, இன்னா தூக்கமா? வண்டிய திருப்புக்கா" என்று கத்திய பிறகுதான் நகர்ந்தேன்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது. நான் மல்யுத்த ரசிகை. மண்ணில் புரள்கிற நம்மூர்க் குஸ்தி இல்லை. டீவியில் பாட்டும் புகையும் பளபளக்கிற டவுசருமாக வருகிறார்களே, அது. நாற்பத்தைந்து வயதில், தலையில் பாதி நரையோடு, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். எங்கள் உலகத்தில் நடுவர் அப்படிக் கையைக் குறுக்காகத் தூக்கினால் ஒரே அர்த்தம்தான். இனிமேல் நடிப்பு இல்லை, இவனுக்கு நிஜமாகவே அடிபட்டுவிட்டது, டாக்டரை அனுப்புங்கள்.

அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசினால் உடனே ஒருவர், "அதெல்லாம் டூப்புதானே மேடம்" என்பார். ஏதோ நான்தான் இதுவரை தெரியாமல் இருந்த மாதிரியும், அவர் வந்து என் கண்ணைத் திறந்துவிட்ட மாதிரியும். யார் ஜெயிப்பது என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். தரை யாரோடும் பேசி வைத்துக்கொள்வதில்லை. நூற்றிருபது கிலோ மனிதன் பத்தடி உயரத்திலிருந்து முதுகு அடிபட விழுந்தால், அந்த முதுகு அவனுடையதுதான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இவர்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்கள் எனக்கு ஆகாது. கால் மணி நேரம் வசனம், இரண்டு நிமிஷம் சண்டை. கம்பத்தின் மேலேறிக் குட்டிக்கரணம் அடித்துப் பாய்கிறவர்களைப் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் கோபமும் உண்டு. பாய்கிறவனுக்குக் கைதட்டல், கீழே நின்று அவனை அடிபடாமல் வாங்கிக்கொள்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. வாங்குகிறவன்தான் வித்தைக்காரன். தோற்பதும் அவனாகத்தான் இருக்கும்.

இது நானாகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. அம்மா சொன்னது.

டீவியில் ஒருவன் தடாலென்று விழுகிற சத்தம் கேட்டால் எனக்கு டெட்டால் வாசனை வந்துவிடும். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்தாள். பெட்பேன் எடுப்பது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது. அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டதால் அப்போது வீடு ஓடியது அம்மாவின் சம்பளத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்த பிறகும் போகாத அந்த வாசனையோடு, சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டீவி முன்னால் உட்காருவாள். கேபிள்காரர் தயவில் சில வாரம் படம் வரும், சில வாரம் கோடு வரும். கோடு வந்தாலும் பார்ப்போம். இரண்டு கோடுகள் கட்டிப் புரளுவதைப் பார்த்து யார் யாரென்று சொல்லிவிடுவோம்.

அம்மாவுக்குப் பிடித்தவன் ஒரு பச்சை டவுசர்காரன். இங்கிலீஷில் அவனுக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது, எங்கள் வீட்டில் அது நிலைக்கவில்லை. பூசினாற்போல் உடம்பு, முன்பக்கம் வழுக்கை, பார்த்தால் மளிகைக்கடை முதலாளி மாதிரி இருப்பான். வாரா வாரம் தோற்பான். "தோக்குறவன போயி புடிச்சிருக்குதேம்மா உனக்கு" என்று கிண்டல் செய்வேன்.

"தோக்குறானா? நல்லா பாருடி. மேலேர்ந்து வுழறவன எப்படி அணைச்சி எறக்குறான் பாரு. நாங்க பேஷண்ட்ட கட்டில் மாத்துறப்ப இப்பிடித்தான் கழுத்துக்கு கை குடுப்போம்."

நான் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அன்றிலிருந்து நானும் பச்சை டவுசர் கட்சியானேன்.

எனக்குப் பதினாலு வயது. சித்திரை வெயில். அன்றைக்குப் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது, அதுதான் வினை. உச்சியில் கொண்டை போட்ட ஒரு நெட்டையன் பச்சை டவுசர்காரனைத் தலைகீழாகத் தூக்கினான். வழக்கமாக முதுகு படும்படித்தான் இறக்குவார்கள். அன்றைக்குப் பிடி நழுவியதோ என்னவோ, தலைதான் முதலில் தரையில் பட்டது. சத்தம்கூட வேறு மாதிரி இருந்தது. நெட்டையன் விலகி நின்றான். நடுவர் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினார்.

"இன்னாடி பண்றான் அவன்?" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பெருக்கல் குறி என்றால் வேறென்ன தோன்றும்? "தப்பு போடுறாரும்மா. ஆட்டம் செல்லாதாம்" என்றேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு டீவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "வெரல பாரு. வலிக்கிறவன் கைய முறுக்குவான், மூடுவான். இவன் வெரலு சும்மா கெடக்குது பாரு. பனைலேர்ந்து வுழுந்து கழுத்து ஒடிஞ்சி வர்றாங்களே, அவங்க கை இப்பிடித்தான் கெடக்கும்." சொல்லி முடிப்பதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடிந்து வேறு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். பச்சை டவுசர்காரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஒரு வாரம் அம்மா பட்ட பாட்டை இப்போது யாருக்கும் புரியவைக்க முடியாது. யாரைக் கேட்பது? ஊர்ப் பேப்பரில் வராது. கேபிள்காரரைக் கேட்டால், "எனக்கு லைன் இழுக்கத்தாங்க்கா தெரியும்" என்றார். அடுத்த ஞாயிறும் அவன் வரவில்லை. அம்மா ஒரு மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள். அவன் எழுந்து நடந்துவிட்டால் ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் போய் அம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டுதல். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்பார்களே என்பதுதான் அவளுக்குக் கவலை. "அவன் பேரு இன்னாடி சொன்ன? எழுதிக் குடு" என்றாள். வெள்ளைக்காரனுக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுக்கு மரி லூயிஸ் வந்தாள். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா என்று பெயர், அதனால் ஊரில் அவர்களைச் சொல்தா வீடு என்போம். குடும்பமே பிரான்சில்தான், வருஷத்துக்கு ஒருமுறை லீவுக்கு வருவார்கள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவள் போடுகிற சென்ட்டுக்கும் அவள் தமிழுக்கும் நான் அடிமை. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் மஞ்சள் முடிச்சைப் பார்த்து என்னவென்று கேட்டாள். நான் சொன்னேன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு.

"அய்யோ ஆன்ட்டி, அது கொமெதி, நாடகம்! எல்லாம் மொதல்லயே எழுதி வச்சிதான் பண்ணுவாங்க. அங்க சின்னப் புள்ளைங்களுக்கே தெரியும். ரெண்டு மாசம் லீவு குடுத்திருப்பாங்க, திரும்பி வருவான் பாருங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தாள். அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். மரி லூயிஸ் முன்னால் பட்டிக்காடாகத் தெரிந்துவிடுவோமோ என்ற பயம் எனக்கு. "எனக்கு அப்பவே தெரியும், அம்மாதான் கேக்க மாட்டேங்குது. வெரலாவது ஒண்ணாவது, நடிப்பும்மா அது" என்றேன்.

அம்மா எழுந்து போனாள். சாமி படத்தடியிலிருந்து முடிச்சை எடுத்தாள். அவிழ்த்தாள். காசை என் கையில் கொடுத்து, "அந்தப் பொண்ணுக்கு காப்பி போடணும். தூள் வாங்கிட்டு வா" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று பேரும் குடித்தோம்.

ஆடி வந்தது, தேர் போயிற்று. பச்சை டவுசர்காரன் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா முதல் பத்து நிமிஷம் மட்டும் பார்ப்பாள், பிறகு துணி மடிக்கப் போய்விடுவாள். என்னைக் குறை சொன்னதே இல்லை. ஒரே ஒரு முறை, வார்டில் ஒரு சின்ன வயது ஆள் இறந்துபோன அன்று, வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள்: "அன்னிக்கி அந்த முடிச்ச நான் அவுத்திருக்கக் கூடாதுடி."

எனக்கு வேலை கிடைத்த புதிதில் நேரு வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே உட்கார்ந்து அவன் பெயரை அடித்தேன். எழுத்துப் பிழையோடு அடித்தும் வந்துவிட்டது. நடுவர் கையைக் குறுக்காகத் தூக்கினால் என்ன அர்த்தம் என்பதை அன்றைக்குத்தான் படித்தேன். கழுத்து எலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல், அவன் சக்கர நாற்காலியில் இருந்தான். மகளோ யாரோ தண்ணீர் டம்ளரை அவன் வாயருகே பிடித்துக்கொண்டிருக்கிற படம். மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் கல்யாண மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தவர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

வீட்டில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றே வருஷங்கள் ஓடின. அம்மா ரிடையர் ஆனாள். நான் பெரிய போன் வாங்கினேன். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "இதுல பழசெல்லாம் கெடைக்குமாமே. அந்தப் பச்ச டவுசர்காரன் இன்னா ஆனான்னு பாரேன்."

போனை இப்படியும் அப்படியும் தேய்த்தேன். "நல்லாருக்கான்மா. சொந்த ஊர்ல கட வெச்சிருக்கான்" என்றேன்.

"நடக்கிறானா?"

"நடக்கிறான்மா."

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அத்தனை வருஷத்துக் கவலையும் இறங்கி, அப்படி ஒரு சிரிப்பு. "பாரேன், அப்ப நீ சொன்னதுதான் சரி. வெரல பாத்து ஏமாந்துட்டேன் நான். அத்தினி வருசம் வார்டுல இருந்து இன்னா கத்துக்கிட்டேன் போ." அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள், நடிக்கிறவனுக்குப் போய்க் காசு முடிந்து வைத்த பைத்தியக்காரி நான் என்று. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சொல்தா வீட்டை லாட்ஜுக்கு விட்டுவிட்டார்கள். ஆபீஸ் வேலையாக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது பார்த்தேன், அந்த எலும்பு முறிவு வார்டையும் இடித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் ஒருவன் விழுந்து அஞ்சு நிமிஷத்தில் அவன் எக்ஸ்ரே வரைக்கும் போனுக்கு வந்துவிடுகிறது. ஒரு வாரம் முழுக்க யாருக்காகவும் யாரும் பதற வேண்டியதில்லை. அவன் விரலைப் பார்த்து அவள் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. கடைசிவரை தான் ஏமாந்துபோனதாக நினைத்துக்கொண்டே போய்விட்டாள், என் பேச்சை நம்பி.