சுவர்ப் பக்கம் திருப்பிய முகம்

செல்லக்கனியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தவள் நான்தான். அவள் வந்து கேட்டபோது, அவள் படம் வரவே இல்லை என்று பொய் சொன்னவளும் நான்தான்.

போதுமா? இதைச் சொல்வதற்குத்தான் இத்தனை வருடம்!

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். அன்றும் இன்றும் இங்கே என் கடை ஒன்றுதான்; சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் புத்தகம் இங்கிருந்துதான் போக வேண்டும். யார் கையையும் எதிர்பார்க்காமல் நின்றவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எது எந்தப் பத்திரிகை என்று அட்டையைப் பார்த்தே கண்டுகொள்வேன்.

அதனால் அட்டைகளைப் பற்றி என்னிடம் கேளுங்கள்... அப்படி ஒரு எரிச்சல்! பெண்கள் பத்திரிகை என்றால் புடவை மாறும், நகை மாறும், முகம் மட்டும் மாறாது. மாவில் பிசைந்த மாதிரி வெளுப்பு. கரண்டி பிடித்திருப்பாள், புடவையில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. ஆம்பிளை கையில் ஒருநாளாவது கரண்டியைக் கொடுத்தார்களா? பொங்கல் வந்தால் அவளே அரிவாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இந்த வெயிலே படாதவள் எந்த ஊர்க்காரி? தமிழாவது பேசுவாளா?

இப்படி ஏசிக்கொண்டே அவளைத்தான் முன் வரிசையில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.

செல்லக்கனி ஆலங்குளம் பக்கத்துக்காரி. பருத்திக் காட்டு வேலை. இங்கே பஸ் மாறும்போதெல்லாம் கடையில் நிற்பாள்.

"ஆச்சி, என்னைய போட்டோ புடிச்சிட்டுப் போயிருக்காவ. பொங்கப் புத்தகத்துல அட்டையிலயே போடுவாவளாம்! வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வையுங்க."

வந்தது. மடி நிறையப் பருத்தி, நெற்றியில் வேர்வை, கோணல் பல் தெரியச் சிரிப்பு. அப்படியே அவள்! நான் முன்னால்தான் மாட்டினேன், நம்புங்கள்.

காலையில் முதல் ஆளாக வந்த ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "என்ன ஆச்சி, நல்ல நாளும் அதுவுமா இந்த மூஞ்சியத் தொங்க விட்டிருக்கீய?"

அவளை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? நான் சிரித்தேன்... சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பி மாட்டினேன். கடைக்கு லட்சணம் வேண்டுமாம்!

நான் என்ன சிவப்பா? செல்லக்கனியைவிடக் கறுப்பு!

மதியம் அவள் வந்தாள். புருஷனையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு. "ஆச்சி, வந்திருச்சா?"

புத்தகம் என் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. எடுத்தால், எப்படி மாட்டியிருந்தேன் என்பதை அவள் பார்த்துவிடுவாள். அந்த ஒரு நொடி... என் மானம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"வரலை தாயி. வேற பிள்ள படத்தப் போட்டுட்டாவ."

மாமியார் கையைத் தட்டிச் சிரித்தாள். "நாந்தான் அப்பமே சொன்னேன்லா! இவ மூஞ்சிக்கு அட்டைப்படம் கேக்குது! ஊரெல்லாம் என்னா புளுகு!"

செல்லக்கனி அழவில்லை. "சரி ஆச்சி, வாரேன்" என்று போனாள்.

விற்காத கட்டோடு அத்தனையையும் ஏஜென்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் கொடுக்க வேண்டி வருமே!

மாதா கோயிலில் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. ஒரு புத்தகம்தானே என்று அவர் லேசாக விட்டுவிட்டால்? அதைத் தாங்க என்னால் முடியாது.

போன வாரம் ஆலங்குளம் பஸ் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து ஒருத்தி கத்தினாள். "ஏட்டி அட்டைப்படம்! ஓடியா, எடம் போட்டிருக்கேன்!"

புளுகினவளுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். நரைத்த தலையோடு செல்லக்கனி ஓடினாள். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க அவள் பழகிவிட்டாள்... ஓடுகிற ஓட்டத்திலும் என்னைப் பார்த்து, "வாரேன் ஆச்சி" என்றாள்.

"பாத்துப் போ தாயி" என்றேன்.

பிறகு அந்த வாரத்துப் பத்திரிகையை எடுத்தேன். வெளுத்த பிள்ளை, கையில் கரண்டி. முன் வரிசையில்தான் மாட்டினேன்.