தண்ணீர்ப் போத்தலோடு போனவர்

கூடாரத்தில் படுப்பதற்கு மனிதர்கள் காசு கட்டுவார்கள் என்பதைக் குணேஸ்வரியால் நம்பவே முடிந்ததில்லை. இருபது வயதில் ஊரோடு இடம்பெயர்ந்து, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் மாரிமழையில் தறப்பாளின் கீழ் படுத்தவள் அவள். மொன்றியலுக்கு வந்த பிறகு, கோடையில் சொந்தக்காரர் எல்லாரும் ஏரிக்கரைக்குக் காம்பிங் போவார்கள். அவளும் பகலில் போவாள், சமைத்துக் கொடுப்பாள், பொழுதுபட முதல் டொலார்டில் இருந்த தன் வீட்டுக் கட்டிலுக்குத் திரும்பிவிடுவாள். யாரும் வற்புறுத்தினால், "எனக்கு அந்த நேத்திக்கடன் எப்பவோ தீர்ந்துபோச்சு" என்பாள்.

அப்படிப்பட்டவளை சஹாரா வரை இழுத்துக்கொண்டு போனது கணவருடைய சலரோகம், அந்தச் சீனி வருத்தம்.

விமலநாதன் தெருமுனை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போவதற்கும் காரை எடுக்கிற மனிதராக இருந்தவர். வேலை செய்த அச்சகத்தை மூடிய பிறகு நாள் முழுக்கக் கதிரையில் இருந்தார். இப்படியே இருந்தால் ஒரு நாள் கால் ஒன்றைக் கழற்ற வேண்டிவரும் என்று டொக்டர் நேரே சொன்னதும் பயந்துபோய், கர்க்லாண்டில் ஒரு நடைக்குழுவில் சேர்ந்தார். குழுவில் முக்கால்வாசி வேலையால் நின்ற கியூபெக்காரர். தலைவி மெலனி என்றொரு பெண். எலும்பும் தோலுமாக, பேசும்போதும் ஒரு இடத்தில் நிற்காத பிறவி. அவள் சொன்னாள் என்பதற்காக இவர் இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு பனிக்குள்ளும் நடந்தார். வயிறு இறங்கியது. முகத்தில் ஒரு பெருமை ஏறியது. அடுத்த மார்ச்சில் குழு மொரோக்கோவுக்குப் போய் மணல் மேடுகளில் நடக்கப் போகிறது என்று மெலனி அறிவித்தபோது, வீட்டில் ஒரு சொல் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மகள் றொஷினி தகப்பனைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினாள். குணேஸ்வரிக்கு மட்டும் நித்திரை போனது. இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்துபோகிற ஆள் அவர். முதல் முறை சீனி இறங்கியபோது வியர்த்து, சம்பந்தமில்லாமல் கதைத்தார். இரண்டாம் முறை, அவள் வேலையால் வந்து கதவைத் திறக்க, குசினி நிலத்தில் கிடந்தார். அம்புலன்ஸ்காரர் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கி மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார்கள். அந்த மிச்சம் அவளுடைய நெஞ்சிலேயே நின்றது. தான் சமையல் செய்கிற கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், லீவு கேட்டபோது, பாலைவனம் பார்க்கப் போகிறாயா என்று கூட வேலை செய்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். தன் மனுசனைப் பார்க்கத்தான் போகிறேன் என்றாள்.

மணல் மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் வெள்ளைக் கூடாரங்களை வட்டமாக அடித்திருந்தார்கள். சமையல் கூடாரத்தின் உச்சியில் நீளமான கொடித்தடி ஒன்று. காலையில் எல்லாரும் நடக்கப் போனபோது அவள் கூடாரத்திலேயே இருந்துவிட்டாள். மேடு ஏறுவதற்கு அவள் வரவில்லை. குழுவில் ஆளுக்கொரு பொதி பேரீச்சம்பழம் கொடுத்திருந்தார்கள். விமலநாதனின் பொதியை அவள் வாங்கித் தன் கைப்பையில் வைத்திருந்தாள், குளுக்கோஸ் குளிசைகளோடு சேர்த்து. அவரிடம் விட்டால் முதல் மேடு ஏறுவதற்குள் முழுவதையும் தின்று முடித்துவிடுவார். நடக்கப் போகும்போது இரண்டு குளிசையை மட்டும் அவருடைய முதுகுப்பையில் போட்டுவிடுவாள்.

கழிவறைதான் அங்கே பிரச்சினை. நாலு பக்கமும் துணி கட்டிய ஒரு மறைப்பு. அதுவும் மெலனியின் கூடாரத்துக்கு அடுத்ததாக. விமலநாதன் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. இந்த விஷயத்தில் அவருடைய கூச்சம் குணேஸ்வரிக்குப் பழகியது. வந்த புதிதில் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அப்பார்ட்மெண்டில் மூன்று குடும்பம் சேர்ந்திருந்தார்கள். வாசலில் பெண்கள் காத்து நிற்பார்கள் என்று இவர் விடியவெள்ளன எழும்பி, மெட்ரோவடியில் இருந்த கோப்பிக் கடைக்கு நடந்து போய்வருவார்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. முதல்நாள் இரவு சாப்பிட்ட இறைச்சி வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர், இரண்டு வாய் வைத்துவிட்டுப் பீங்கானைத் தள்ளினார். சற்று நேரத்தில் கூடாரத்திலிருந்து தண்ணீர்ப் போத்தலோடு வெளியே வந்து, மணல் மேட்டுப் பக்கம் நடந்தார்.

குணேஸ்வரி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெளிக்கிட்டுப் போகிற மனிதரை எங்கே என்று கேட்பது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. அதிலும் வயிறு சரியில்லாமல் போத்தலோடு போகிறவரைக் கேட்க என்ன இருக்கிறது? மரியாதைக்கு முகத்தையும் மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். வந்ததும் இரண்டு பேரீச்சம்பழமாவது தின்னக் கொடுக்கவேண்டும் என்று பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

தேநீர் கொண்டுவந்தார்கள். அவருடைய கோப்பையைச் சிறு தட்டால் மூடி வைத்தாள். அது ஆறிப்போனது. அதற்குள் காற்றுப் பிடித்தது. மேடுகளின் விளிம்பில் மணல் புகைபோல எழுந்தது. அவள் எழும்பிப் போய், கூடாரங்களைச் சுற்றிப் பார்த்தாள். காலடி ஒன்றுகூட இல்லை. யாரும் எப்போதும் நடந்திராத இடம்போல மணல் வழுவழுவென்று கிடந்தது.

மெலனிக்கு முதலில் பதற்றம் இல்லை. விமால் நல்ல நடைக்காரர் என்றாள். அவர் போத்தல் கொண்டு போனதை வேறு ஒருவரும் கண்டிருந்தார். தண்ணீர் கையில் இருக்கும்வரை பயமில்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். பிறகு குணேஸ்வரியிடம் திரும்பி, எங்கே போகிறேன் என்று சொன்னார், நீ கேட்கவில்லையா என்றாள். அதற்குப் பதில் சொல்ல குணேஸ்வரியிடம் பிரெஞ்சு இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா தெரியாது. அவளிடம் இருந்ததெல்லாம் கார்டெரிப் பிரெஞ்சு: சூப், கரட், ஓடாதே, உட்கார், கை கழுவு.

"அந்தத் தண்ணீர் குடிக்க இல்லை," என்றாள் அந்தப் பிரெஞ்சில். "கழுவ."

கையைக் கழுவவா என்று மெலனி விளங்காமல் கேட்டாள். பின்னால் நின்ற வழிகாட்டிக்கு விளங்கியது. அவர் நாற்பது வயதளவான மொரோக்கோ மனிதர். அதுவரை ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர், கண்ணை நிலத்துக்குத் தாழ்த்தினார். பிறகு மெலனியிடம், அப்படியென்றால் அவரிடம் தண்ணீர் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். குணேஸ்வரி ஊசியைப் பற்றியும் சொன்னாள். கைப்பையைத் திறந்து குளிசையைக் காட்டினாள். மெலனியின் முகம் வெளிறியது.

ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து நாலு பக்கமும் அனுப்பினார்கள். "விமால், விமால்" என்று கூப்பிடும் குரல்கள் காற்றில் இழுபட்டன. குணேஸ்வரியைக் கூடாரத்தில் இருக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. சால்வையால் தலையைச் சுற்றிக்கொண்டு வழிகாட்டியிடம் போய் நின்றாள். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டவளாயிற்றே. பக்கம் தெரியாது. ஆனால் மனிதரைத் தெரியும்.

அவர் போத்தலோடு போனது மறைவுக்காக. இரண்டு மேடு தாண்டினாலும், திரும்பிப் பார்க்கும்போது கூடாரத்தின் ஒரு நுனி கண்ணில் பட்டால் இன்னும் போவார். மெலனி நிற்கிற இடம் அங்கேயிருந்து தெரியக்கூடாது. கொடித்தடியைக் காட்டி, இது தெரிகிற இடத்தில் அவர் இருக்கமாட்டார் என்று கையாலும் வாயாலுமாகச் சொன்னாள். வழிகாட்டி யோசித்தார். தேடப் போனவர்கள் எல்லாரும் மேடுகளின் மேல் நின்று கிட்டக் கிட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடியும் மறைகிற அளவுக்கு ஆழமான பள்ளங்கள் கிழக்கில்தான் இருக்கின்றன என்று அவர் முன்னால் நடந்தார்.

மணலில் ஏறுவது அவளுக்குப் புதிது. ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே வழுக்கியது. முழங்கால் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. கையை ஊன்றி, நாலுகாலில் ஏறினாள். கைப்பையை மட்டும் விடவில்லை. முதல் மேட்டின் காற்றுப்படாத பக்கத்தில் வழிகாட்டி குனிந்து ஒரு அடையாளத்தைக் காட்டினார்: பாதி தூர்ந்த ஒரு சப்பாத்துத் தடம். அடுத்தது இல்லை.

இரண்டாம் மேட்டின் உச்சியில் நின்று கீழே பார்த்தாள். பள்ளம் வெறுமையாகக் கிடந்தது. வழிகாட்டி வடக்கே திரும்புவோம் என்று கைகாட்டினார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, இருட்டினால் தேடமுடியாது. அவள் திரும்பிக் கூடாரப் பக்கம் பார்த்தாள். மணல் புகைக்குள் கொடித்தடியின் நுனி, ஒரு விரல் அளவுக்கு, இன்னும் தெரிந்தது.

"இன்னும் தெரியுது," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவள் முன்னால் இறங்கினாள். வழிகாட்டி பின்னால் வந்தார்.

மூன்றாவது மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது கொடி இல்லை. கீழே, பள்ளத்தின் அடியில், ஒரு மனிதர் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். மேலுடம்பில் பனியன் மட்டும். சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றியிருந்தார். காற்சட்டை தள்ளிக் கிடந்தது, பாதி மணலால் மூடப்பட்டு. அந்தப் பாதியை அவரே மூடியிருக்கிறார் என்று அவளுக்குப் பார்த்ததும் விளங்கியது.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள்.

அவர் தலையை நிமிர்த்தினார். அவளுக்குப் பின்னால் இன்னொரு ஆளின் உருவத்தைக் கண்டதும், வரவேண்டாம் என்று கையை அசைத்தார். கை பாதியில் விழுந்தது. குணேஸ்வரி வழிகாட்டியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுச் சறுக்கிக்கொண்டு இறங்கினாள்.

நெற்றியெல்லாம் வியர்வை, அதில் மணல் அப்பியிருந்தது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "அந்த மெலனிப் பொம்பிளையும் வந்திட்டுதோ?" என்றார். நாக்குத் தடித்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டின.

"வாயைத் திறவுங்கோ."

"குணா, காற்சட்டை முழுக்க நாசமாப் போச்சு."

"முதல் வாயைத் திறவுங்கோ."

குளிசையைப் பல்லுக்குள் திணித்தாள். ஒன்று, பிறகு இன்னொன்று. சப்புங்கோ, சப்புங்கோ என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தண்ணீர் பருக்கினாள். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துப் பிய்த்து ஊட்டினாள். அவருடைய விரல்கள் நடுங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதன் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"இவ்வளவு பேர் கூப்பிட்டது கேக்கேல்லையே?"

"கேட்டது."

"பேந்தேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

அவர் மணலில் புதைந்திருந்த காற்சட்டையைப் பார்த்தார். "இந்தக் கோலத்தில எப்பிடியப்பா எழும்பி நிக்கிறது?"

"செத்துப்போயிருப்பியள்."

"ஓம்," என்றார். "அதையும் யோசிச்சுப் பாத்தனான்."

முப்பது வருடம் ஒன்றாக இருந்த மனிதர். சாவா வெட்கமா, எந்தப் பக்கம் கூடுதலாக நிறுக்கும் என்று அவரே நிறுத்துப் பார்த்துவிட்டு, குரல் கொடுக்காமல் இருந்திருக்கிறார். மிஞ்சிய பழங்களை அவருடைய கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

அப்போது மேட்டுக்கு அப்பாலிருந்து மெலனியின் குரல் கேட்டது. கிட்டவே வந்துவிட்டாள். விமலநாதன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இருந்தது.

குணேஸ்வரி கையை விடுவித்துக்கொண்டு மேலே ஏறினாள். மெலனி மூச்சு வாங்க உச்சிக்கு வரும்போது இவள் விளிம்பில் நின்றாள், சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு.

"இருக்கிறார். நல்லாயிருக்கிறார்," என்றாள் பிரெஞ்சில். "நில். வராதே."

மெலனி, தான் முதலுதவி படித்தவள் என்றாள், காயம் இருக்கிறதா பார்க்கவேண்டும், ஒதுங்கு என்றாள். குணேஸ்வரி ஒதுங்கவில்லை. குழந்தைகள் சூடான சூப் சட்டிக்குக் கிட்ட ஓடிவரும்போது கத்துகிற குரல் அவளிடம் இருந்தது. "நில்!" என்றாள் அந்தக் குரலில். மெலனி கால் தூக்கிய இடத்திலேயே நின்றாள்.

வழிகாட்டி தன் நீண்ட நீல அங்கியைத் தலைவழியே கழற்றினார். உள்ளே பழைய காற்சட்டையும் கம்பளிச் சட்டையும். அங்கியைக் கையில் சுருட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடி பள்ளத்துக்குள் இறங்கினார். அதைப் பார்த்த மெலனிக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியிருக்கவேண்டும். மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து, வோக்கி டோக்கியில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மற்றவர்களுக்குச் சொன்னாள்.

குணேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் துணி உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு இருமல். பிறகு விமலநாதனின் குரல், தடங்கல் இல்லாமல், சொல் சொல்லாகப் பிரிந்து:

"இது எனக்கு நீளமப்பா. நிலத்தில இழுபடுது."

"தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ," என்றாள் அவள். அவர் பக்கத்தில் வந்து நிற்கும்வரை சால்வையை இறக்கவில்லை.