இரண்டாவது கிளிக்

என் கணவருக்குக் கை நடுங்குகிறது என்பதை நான் கண்டுபிடித்தது கம்ப்யூட்டரில், ஒரு பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது. காதும் மூக்கும் இரட்டைக் கோடாகத் தெரிந்தன. வந்தவரைத் திரும்ப உட்காரச் சொல்லி, "கண்ண மூடிட்டீங்க சார், இன்னொன்னு எடுத்துடலாம்" என்றேன். அவர் கண்ணை மூடவேயில்லை. அந்த மாதம் நிறையப் பேர் கண்ணை மூடியதாகச் சொன்னேன்.

விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் ஸ்டூடியோ. தொண்ணூற்று மூன்றில் நான் திண்டிவனத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது, அவர் அதைத் திறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவருக்குச் சொந்த ஊர் வல்லம் பக்கம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் நெல்லும் மல்லாட்டையும் பயிரிட்டுக்கொண்டிருக்க, இவர் ஒருவர்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்தவர். எடுப்பது அவர் வேலை. கவுண்டரைப் பார்ப்பது, கம்ப்யூட்டர் வந்த பிறகு படத்தைச் சரிசெய்து பிரிண்ட் போடுவது என் வேலை. இருபது வருடம் அப்படியே ஓடியது.

நடுக்கத்தைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. காபியை டம்ளரில் அரை அளவுக்கு மேல் ஊற்றுவதை நிறுத்தினேன். கல்யாணம், காதுகுத்து என்று யாராவது கூப்பிட்டால், ஸ்டூடியோவிலேயே வேலை சரியாக இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். பேசினால் மனம் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். பேச எனக்கே பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

அந்தச் சமயத்தில் பாண்டிச்சேரியில் கேமரா ரிப்பேர் செய்யும் கடைக்காரர் ஒருவர் ஒரு சின்ன ஒயரைக் காட்டினார். ஒரு முனையைக் கேமராவில் சொருகி, மறுமுனையை என் போனில் மாட்டினார். கேமரா பார்ப்பதெல்லாம் போனில் தெரிந்தது. திரையில் யாருடைய கண்ணைத் தொடுகிறோமோ அந்தக் கண்ணுக்கு ஃபோகஸ் போனது. கீழே ஒரு வட்டத்தைத் தொட்டால், மேசைமேல் யாரும் தொடாமல் இருந்த கேமரா தானாகக் கிளிக் என்றது. "கை படாததால கொஞ்சங்கூட ஆடாது மேடம்" என்றார் அவர், சாதாரணமாக.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "போனத் தடவி எடுக்கறதுக்குப் பேரு போட்டோவா? அதுக்கு நான் எதுக்கு?" என்று சிரித்தார். அத்தோடு அந்தப் பேச்சை விட்டேன். மறுவாரம் நீளமான ஒயர் ஒன்றை வாங்கி வந்தேன்.

"இன்னாது இது?" என்றார்.

"எடுக்கற படம் நேரா கம்ப்யூட்டருக்கு வந்துடுங்க. கார்டைக் கழட்டி மாட்டற வேல இல்ல. கையில வெச்சி எடுத்தா ஒயரு புடுங்கிக்கும், ஸ்டாண்டுலயே வெச்சி எடுங்க. அப்புறம், ஒரு தடவ அமுக்கினா ரெண்டு படம் எடுக்கற மாதிரி மாத்திருக்கேன். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்."

அத்தனையையும் நம்பினார். கேமராவில் செட்டிங் மாற்றுவதெல்லாம் என் பொறுப்பு என்று என்றைக்கோ விட்டிருந்தார்.

படம் எடுக்கும் அறைக்கும் கவுண்டருக்கும் நடுவே தொங்கும் திரைச்சீலைக்கு அடியில் ஒயர் வந்து கவுண்டர் டிராயருக்குள் ஏறியது. டிராயருக்குள் என் போன். உள்ளே அவர் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி பட்டனை அமுக்குவார். அந்தச் சத்தம் கேட்டவுடனே நான் வட்டத்தைத் தொடுவேன். இரண்டாவது கிளிக் என்னுடையது. எங்கள் ஸ்டூடியோவில் ஃபிளாஷ் இல்லை, பெரிய பல்பு விளக்குகள்தான். அந்த வெளிச்சத்துக்குக் கொஞ்சம் கை ஆடினாலும் ஸ்டாண்டு அதிர்ந்து படம் கலங்கிவிடும். அவர் எடுத்த முதல் படத்தை அழித்துவிட்டு என் படத்தைப் பிரிண்ட் போடுவேன்.

அவருக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முழுக்க அப்படியில்லை. முதல் கிளிக் முடிந்ததும் உட்கார்ந்திருப்பவர் முகம் இறுக்கம் விட்டுக் கொஞ்சம் இளகும். அந்த முகத்தைப் பிடிக்க எனக்குப் பிடித்துப்போனது. ஸ்டூடியோவுக்கு வந்து எடுத்துக்கொண்ட ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தைப் பார்த்து அவளுடைய அம்மா அழுதுவிட்டார். என் கணவர் படத்தை என்னிடம் கொண்டுவந்து, "கண்ணுல லைட்டு எப்பிடி வுழுந்திருக்கு பாரு. கை பழகினாத்தான் இது வரும்" என்றார். "ஆமாங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் திண்டிவனம் போனேன், ஸ்டூடியோவை நான்கு நாள் மூடச் சொல்லிவிட்டு. நான் இல்லாத நேரத்தில் திருவாமாத்தூர் தாண்டி ஒரு கிராமத்துச் சர்ச்சிலிருந்து ஃபாதர் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஒவ்வொரு பிள்ளையும் வாங்கும்போது ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டுவிட்டார். போனில் என்னிடம் சொன்னார். "வேணாங்க, வேற யாரையாவது அனுப்பலாம்" என்றேன்.

"ஏன்? நான் இன்னா எடுக்க மாட்டனா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இல்லங்க, வெயிலா இருக்கேன்னு சொன்னேன்" என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் திரும்பியபோது அவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பூசையில் ஃபிளாஷ் போடக்கூடாது என்று ஃபாதர் சொல்லியிருந்ததால் உள் வெளிச்சத்திலேயே எடுத்திருக்கிறார். பதினொரு பிள்ளைகளும் வெள்ளைப் புகை மாதிரி இருந்தார்கள். வெளியே வெயிலில் எடுத்த குரூப் படம் மட்டும் தேறியது.

"கேமரா போச்சு. சர்வீஸுக்குக் குடுக்கணும்" என்றார்.

"ஆமாங்க, கேமராதான்" என்றேன். அதோடு நிற்காமல் ஃபாதருக்கும் போன் போட்டு, கேமராவில் கோளாறு என்று சொன்னேன்.

சாயங்காலம் அவர் கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார், ஒயரைச் சொருகினார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து பட்டனை அமுக்கினார். நான் கவுண்டரில் இருந்தேன். ஊரிலிருந்து வந்ததும் வழக்கம்போல ஒயரில் மாட்டிவைத்த போன் டிராயருக்குள் இருந்தது; டிராயரைத் திறக்கவில்லை. மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை அமுக்கிவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டாவது கிளிக்கு வரலியே?"

ஒயர் போகும் வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து வந்து டிராயரை இழுத்தார். போனில் காலண்டர் தெரிந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷமாங்க."

"அந்தக் கல்யாணப் பொண்ணு?"

தலையை மட்டும் ஆட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் போனை எடுத்து என் எதிரிலேயே ஃபாதரைக் கூப்பிட்டார். "ஃபாதர், கேமரா நல்லாத்தான் இருக்கு. என் கைதான் நடுங்குது. புள்ளைங்க படத்தக் கெடுத்துட்டேன், மன்னிக்கணும்." என் பொய்யைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

ஃபாதர் நல்ல மனிதர். அடுத்த ஞாயிறும் பிள்ளைகள் நன்மை வாங்கத்தான் போகிறார்கள், அதே உடுப்பில் வரச் சொல்கிறேன் என்றார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். பீடத்துக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்டை நிறுத்தி, நான் முன்வரிசை ஓரத்தில் போனோடு உட்கார்ந்தேன். அவர் கேமராவுக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பத்துப் பிள்ளைகள் வெள்ளையில் வந்தார்கள். கடைசியாக வந்த பெண் நீலப் பாவாடை சட்டையில் இருந்தாள். வெள்ளை கவுன் சொந்தக்காரர்களிடம் வாங்கியது, திங்கட்கிழமையே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றார் அவளுடைய அம்மா. பூசை முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்து போனை எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இத கம்ப்யூட்டர்ல வெள்ளையா மாத்திட முடியுமா?"

எனக்கு முன்னால் என் கணவர் பதில் சொன்னார். "நீ வெள்ள கவுன்ல இருந்தப்ப நான்தாம்மா சரியா எடுக்கல. ஆன்ட்டி மாத்திக் குடுப்பாங்க."

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவளுடைய அம்மா "நல்லா இருக்குதுங்க" என்றார். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அதுல கழுத்துல லேஸ் இருந்துச்சு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகமாகத்தான் சொன்னாள். அந்தக் கவுனை நான் பார்த்ததே இல்லை. கலங்கிய படத்தில் லேஸ் தெரியவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பாண்டிச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். எப்போதிலிருந்து என்று அவர் கேட்டார். "ஒரு மூணு மாசமா" என்றார் இவர். நான் குறுக்கிட்டு, "ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு டாக்டர்" என்றேன். "அப்பவே வந்திருக்கலாமே" என்று எழுதிக்கொண்டே சொன்னார் டாக்டர்.

திரும்பி வரும் பஸ் வளவனூரைத் தாண்டியது. இவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"கை ஆடுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? தெரியும். ஆனா படம் நல்லா வந்துக்கினே இருந்துச்சு. படம் நல்லா வர்ற வரைக்கும் கையில ஒண்ணும் பெருசா இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவரைச் சீக்கிரமே டாக்டரிடம் போகவிடாமல் நிறுத்தி வைத்தது நான் எடுத்த படங்கள்தான். எத்தனை நல்ல படமாக எடுத்தேனோ அத்தனைக்கு அவரைத் தள்ளிப்போட வைத்தேன்.

மாத்திரையில் நடுக்கம் ஓரளவு குறைந்தது, முழுதாகப் போகவில்லை. இப்போது நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்காருவதில்லை. போனோடு அவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். அவர் வந்தவரை உட்காரவைத்து, காலரைச் சரிசெய்து, ஏதாவது பேசிச் சிரிக்கவைக்கிறார். பிறகு நகர்ந்து நின்று கேட்கிறார்:

"எடுத்துட்டியா?"

கேலியோ கோபமோ அதில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கேட்கிறார். "எடுத்துட்டேங்க" என்று போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறேன். சில சமயம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மோவா கொஞ்சம் எறங்கியிருக்கு, இன்னொன்னு எடு" என்கிறார். பார்த்தால் மோவாய் இறங்கித்தான் இருக்கும்.